பனி உறைந்த ஏரியில் வால்ஐ மீன் பிடிக்க: ராடின் நீளத்தையும் கைப்பிடியையும் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் வாங்கிய ராட், அதாவது தூண்டில் கம்பு, 42 அங்குலம். தாமிரபரணிக் கரையில் மூங்கில் கம்பால் கெண்டை பிடித்துப் பழகிய கை. கம்பு நீளமாக இருந்தால்தான் நல்லது என்று மண்டையில் ஏறியிருந்தது. மில் லாக்ஸ் ஏரியில் நண்பரின் கூடாரத்துக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கடி வந்ததும் ஊர்ப் பழக்கத்தில் ஒரு சுண்டு. நுனி கூடாரத்தின் மேல்கம்பியில் அடித்து, 5 அங்குலம் ஒடிந்து தொங்கியது. மீனும் போய்விட்டது. நண்பர் ஒன்றும் பேசாமல் தன்னுடைய 28 அங்குல ராடை நீட்டினார்.

குளத்திலும் ஆற்றிலும் கம்பு நீளமாக இருப்பது தூரமாக வீசுவதற்காக. உறைந்த ஏரியில் வீச்சே கிடையாது. காலடியில் 8 அல்லது 10 அங்குல அகலத்தில் ஒரு துளை, அதில் நேர் கீழே இரை. அதனால்தான் இங்கே ராட் இரண்டு அடியிலிருந்து மூன்றரை அடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த ஒன்றரை அடி வித்தியாசத்துக்குள் தேர்வு செய்வதுதான் தலைவலி. கடையில் 24, 26, 28, 30, 32, 36, 38, 42 என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், எல்லாவற்றின் மேலும் “வால்ஐ” என்று அச்சடித்திருக்கும்.

மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. வால்ஐ 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீன். நம்மூர் வாளைக்கும் இதற்கும் பெயர் ஒலியைத் தவிர உறவு எதுவும் இல்லை. இதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. டார்ச் அடித்தால் கண் வெள்ளையாக மின்னும், மங்கிய வெளிச்சத்திலும் இரை நன்றாகத் தெரியும். எனவே இது நன்றாகக் கடிப்பது விடியலிலும் சூரியன் சாயும் நேரத்திலும்தான். ராட் வாங்குகிறவருக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. முக்கியமான அந்த ஒரு மணி நேரத்தில் குளிர் ஏறிக்கொண்டிருக்கும், கையில் உறை இருக்கும், ராடின் நுனி சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணை விடக் கையைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கும்.

முதல் படி: எங்கே உட்காரப் போகிறீர்கள்?

நீளத்தை மீன் தீர்மானிப்பதில்லை, நீங்கள் உட்காரும் இடம்தான் தீர்மானிக்கிறது.

கூடாரத்துக்குள் அல்லது ஏரியின் மேல் இழுத்து வைக்கும் மர வீட்டுக்குள் உட்காரப் போகிறீர்கள் என்றால் 24 முதல் 30 அங்குலம். இந்த இடத்தில் 28 அங்குலம் எனக்குப் பிடித்த அளவு. உட்கார்ந்தபடி முழங்காலுக்கு முன்னால் ராடை நீட்டினால் நுனி துளையின் நடுவுக்கு மேலே வந்து நிற்கும். பக்கத்தில் ஃப்ளாஷர் (ஒலி அலையால் கீழே மீன் இருப்பதைக் காட்டும் கருவி) திரையையும் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கலாம். மீன் மேலே வந்ததும் ஒரு கையால் ராடை உயர்த்தி, மறு கையை அப்படியே துளைக்குள் நீட்டிப் பிடித்துவிடலாம். 40 அங்குல ராடோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். மீன் தலை துளையில் இருக்கும், உங்கள் கை அதை எட்டாது, நுனி கூரையில் முட்டிக்கொண்டிருக்கும்.

வெளியே நின்றுகொண்டு, துளைக்குத் துளை நடந்து மீனைத் தேடுகிறவர் என்றால் 32 முதல் 38 வரை போகலாம். நிற்கும்போது கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ராடைக் கீழ் நோக்கிச் சாய்த்தால் நுனி துளையின் அருகே போக வேண்டும். குட்டை ராட் என்றால் நுனிக்கும் நீருக்கும் இடையில் இரண்டு அடி தூண்டில் நரம்பு காற்றில் ஆடும். காற்று அந்த நரம்பை வில்லாக வளைத்துவிட்டால் கீழே நடப்பது எதுவும் கைக்கு வராது. குனிந்தே நின்றால் நடுமுதுகு இரண்டு மணி நேரத்தில் கணக்குக் கேட்கும்.

வெளியே நீளமான ராடுக்கு இன்னொரு பயனும் உண்டு. பனிக்கட்டி 2 அடி கனத்துக்கு மேல் போன பிறகு துளை ஒரு குழாய் மாதிரி ஆகிவிடும். பெரிய மீன் பக்கவாட்டில் ஓடினால், அந்தக் குழாயின் அடி விளிம்பில் நரம்பு உரசும். அப்போது நுனியை நீருக்குள் இறக்கி, விளிம்புக்கு அந்தப் பக்கம் நரம்பைத் தள்ளிப் பிடிக்க நீளம் வேண்டும். (கனம் பற்றிப் பேச்சு வந்ததால்: நடந்து போகவே குறைந்தது 4 அங்குலத் தெளிந்த, புதிய பனிக்கட்டி வேண்டும் என்பது மினசோட்டா இயற்கை வளத் துறையின் அறிவுரை. ராடை விட அது முக்கியம்.)

இரண்டாம் படி: ஆழமும் நரம்பும்

மேல் ரெட் லேக்கில் 10 அடிக்குச் சற்று முன்பின் ஆழத்திலேயே வால்ஐ கிடைக்கும். லேக் ஆஃப் த வுட்ஸில் நடுக்குளிர்காலத்தில் 30 அடி சாதாரணம். இந்த வித்தியாசம் ராடின் நீளத்தில் எப்படித் தெரிகிறது?

பள்ளிக் கணக்குதான். மணிக்கட்டை ஊன்றி ராடை 60 டிகிரி தூக்கினால், நுனி தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையே உள்ள தூரம் ராடின் நீளத்துக்குச் சமம். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். 28 அங்குல ராட் 28 அங்குலம் இழுக்கும், 36 அங்குல ராட் 36. ராட் வளைவதால் கொஞ்சம் குறையும், அதை விடுங்கள். சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீளும். 30 அடி நரம்பு பத்தில் ஒரு பங்கு நீண்டாலே 3 அடி, அதாவது 36 அங்குலம். குட்டை ராடால் நீங்கள் இழுத்தது முழுவதையும் நரம்பே விழுங்கிவிட்டது. கீழே முள் அசையக்கூட இல்லை.

இதற்கு இரண்டு வழி. ராடை நீளமாக்கலாம், அல்லது நீளாத நரம்பைப் போடலாம். பின்னல் நரம்பு, இங்கே ‘பிரெய்ட்’ என்பது, கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளிக்குளிரில் கம்பியாக உறைந்துவிடும். ஹீட்டர் எரியும் கூடாரத்துக்குள் அந்தத் தொல்லை இல்லை. ஆக முடிச்சு தானாகவே அவிழ்கிறது: கூடாரத்துக்குள் குட்டை ராடும் பின்னல் நரம்பும், வெளியே நீள ராடும் ஒற்றை இழை நரம்பும். ராடின் நீளத்தை மட்டும் தனியாகப் பிரித்து யோசிக்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கூடாரத்துக்கு 8 அல்லது 10 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, நுனியில் 2 அடி அளவுக்கு ஃப்ளூரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு. வெளியே 6 பவுண்டு நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன். இதில் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: என்ன இரை, எவ்வளவு விறைப்பு?

ராடின் மேல் மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி என்று போட்டிருப்பது அது எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது. ஃபாஸ்ட், மாடரேட் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளைந்து நடுப்பகுதி விறைப்பாக நிற்கும்.

அரைக்கால் அவுன்ஸிலிருந்து கால் அவுன்ஸ் வரையுள்ள ஸ்பூன்களை (கரண்டி போன்ற உலோகப் போலி இரைகளை) மேலும் கீழும் ஆட்டிப் பிடிக்க மீடியம் லைட், ஃபாஸ்ட். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ராபாலா நிறுவனத்தின் ஜிக்கிங் ராப் மாதிரி பக்கவாட்டில் பாய்ந்து திரும்பும் இரைகளுக்கும், உள்ளே குண்டு உருளும் கிலுகிலு இரைகளுக்கும் மீடியம் வேண்டும். மென்மையான நுனி அந்த இரையின் துடிப்பையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு கையை ஊமையாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பின்னல் நரம்பு போட்டிருந்தால் விறைப்பில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். நரம்பும் நீளவில்லை, ராடும் வளையவில்லை என்றால் மீன் தலையை உதறும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வால்ஐ தலையை உதறுவதில் கெட்டிக்கார மீன்.

உயிர்க் குஞ்சு மீனை முள்ளில் மாட்டித் தாங்கியில் சாய்த்து விட்டுவிடும் ராட் வேறு ஜாதி. அதை ‘டெட் ஸ்டிக்’ என்பார்கள். நுனி மிக மிருதுவாக, அடிப்பாகம் மட்டும் வலுவாக இருக்க வேண்டும். வால்ஐ குஞ்சு மீனை உறிஞ்சி எடுத்து மெதுவாக நகரும். நுனி மெல்ல நீரை நோக்கிக் குனிந்துகொண்டே போகும். எதிர்ப்புத் தெரிந்தால் துப்பிவிடும், தெரியாவிட்டால் விழுங்கும். மினசோட்டாவில் பனிக்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம், எனவே ஒன்று கையில், ஒன்று தாங்கியில் என்பதுதான் இங்கே வழக்கம். தாங்கியில் இருப்பது 30க்கும் 36க்கும் இடையில் எதுவானாலும் சரி.

நான்காம் படி: கைப்பிடி

நீளத்துக்கு ஒரு மணி நேரம் யோசிப்பவர்கள் கைப்பிடிக்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. எனக்கு இது புரிவதே இல்லை. ராடில் உங்கள் உடம்பு தொடும் ஒரே இடம் அதுதான், ஆறு மணி நேரம் தொட்டுக்கொண்டே இருக்கும்.

பொருளில் தொடங்கலாம். கார்க் லேசானது, தொட்டால் சில்லென்று இருக்காது, அதிர்வை நன்றாகக் கடத்தும். விலை குறைந்த ராடுகளில் கார்க்கின் குழிகளைப் பசை வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு சீசன் முடிவதற்குள் அந்தப் பசை உதிர்ந்து, பூச்சி அரித்த மரம் மாதிரி ஆகிவிடும். வாங்கும்போது நகத்தால் லேசாகத் தடவிப் பாருங்கள். நிறம் மாறிய திட்டுத் திட்டாக நிறைய இருந்தால் வேண்டாம். ஈ.வி.ஏ. நுரைப் பிடி அவ்வளவு அழகில்லை, உணர்வும் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் மீன் வழவழப்பு பட்ட கையிலும் வழுக்காது, சோப்பு போட்டுக் கழுவலாம். தாங்கியில் இருக்கப்போகும் ராடுக்கு நுரையே போதும். கையில் ஆட்டப் போகும் ராடுக்கு நான் கார்க்கைத்தான் சொல்வேன்.

அடுத்தது, நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் எப்படி மாட்டப்படுகிறது. இதில் மூன்று வகை உண்டு.

திருகு வைத்த ரீல் இருக்கை: மறையைச் சுற்றினால் ரீல் இறுகிவிடும். கவலையில்லை. ஆனால் அந்த மறை உலோகத்தில் இருந்து, உங்கள் சுண்டுவிரல் அதன் மேல் உட்கார்ந்தால், மைனஸ் 20 டிகிரியில் விரல் மரத்துப்போகும். பிளாஸ்டிக் மறை, அல்லது கார்க்குக்குள் மறைந்திருக்கும் மறை நல்லது. சில இருக்கைகளில் அடியில் ஒரு திறப்பு விட்டு ராடின் கார்பன் தண்டு வெளியே தெரியும்படி செய்திருப்பார்கள். ஆள்காட்டி விரலை உறையிலிருந்து வெளியே விட்டு அந்தத் தண்டின் மேல் வைத்தால், வால்ஐ இரையை உறிஞ்சும் ‘டொக்’ நேராக விரலுக்கு வரும். இருட்டத் தொடங்கிய பிறகு இதன் அருமை தெரியும்.

நகரும் வளையங்கள்: கார்க்கின் மேல் இரண்டு வளையங்கள், ரீலின் காலை, அதாவது ராடில் பொருந்தும் அதன் அடிப்பாகத்தை, அவை பிடித்துக்கொள்ளும். லேசானது, விலையும் குறைவு. எனக்குக் குளிரில் வளையம் நழுவி, மீனோடு மல்லுக்கட்டும்போது ரீல் கையோடு வந்திருக்கிறது. ஒரு கையில் ரீல், மறு கையில் ராட், நடுவில் மீன். அதற்குப் பிறகு வாங்கவில்லை.

டென்னஸி பிடி: இருக்கையே இல்லாத வெறும் கார்க். ரீலை எங்கே வேண்டுமோ அங்கே வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்ட வேண்டும். பார்க்க ஏதோ அவசரத்துக்குக் கட்டியது போலத் தோன்றும். ஆனால் கைக்கு இதை விடச் சுகமான பிடி கிடையாது. உலோகமே தொடாது, எடை குறையும், முக்கியமாக ரீலை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன் செய்துகொள்ளலாம். டேப்பை வீட்டில் சூட்டில் வைத்தே சுற்றிவிடுங்கள். ஏரியில் போய்ச் சுற்றினால் குளிரில் பசை ஒட்டாது. ரீலை அடிக்கடி மாற்றுகிறவருக்கு இது சரிப்படாது.

பிறகு பிடியின் நீளம். ரீலின் கால் உங்கள் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வரும்படி பிடியுங்கள். பிடியின் பின்முனை உள்ளங்கையைத் தாண்டி, மணிக்கட்டுக்கு அருகில் முடிய வேண்டும். உள்ளங்கைக்குள்ளேயே முடிந்தால் அந்த முனை சதையில் குத்திக்கொண்டே இருக்கும். முழங்கை வரை நீண்டால் கனத்த குளிர் ஜாக்கெட்டின் கைமடிப்பில் மாட்டும். ஒவ்வொரு ஆட்டலிலும் மாட்டும். கடையில் டி-ஷர்ட்டோடு நின்று பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. தாங்கியில் வைக்கும் ராடுக்குப் பின்பிடி நீளமாக இருப்பதே நல்லது, உறுதியாக உட்காரும். உங்களிடம் இருக்கும் தாங்கியின் வாயில் அந்தப் பிடி நுழையுமா என்பதை மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: விரல் மேல் தராசு

ரீல் இல்லாமல் ராடைத் தூக்கிப் பார்த்து “லேசா இருக்கு” என்று சொல்வதில் பொருளில்லை. ரீலை மாட்டி, நரம்பு சுற்றிய பிறகு, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஆள்காட்டி விரலின் மேல் ராடைப் படுக்க வையுங்கள். மட்டமாக நின்றால் பொருத்தம். நுனி சரேலென்று கீழே சாய்ந்தால், நாள் முழுக்க அந்த நுனியை உங்கள் மணிக்கட்டு தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது. களைத்த கைக்குக் கடி தெரியாது.

28 முதல் 32 அங்குல ராடுக்கு ஆயிரம் எண் அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் பொருந்தும், சுமார் 200 கிராம். அதை விடச் சிறிய 500 எண் ரீல் சின்னப் பஞ்சுமிட்டாய் மீன்களுக்கானது என்று நண்பர் சொல்வார். கிராப்பியையும் புளூகில்லையும்தான் அப்படிக் கிண்டல் செய்கிறார். கிண்டலை விட்டுவிட்டாலும் விஷயம் சரியே: சின்னச் சுருளில் சுற்றிய நைலான் நரம்பு குளிரில் ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கும். அந்தச் சுருள்கள் நிமிரும் வரை கடி கைக்கு வராது. 36க்கு மேல் போனால் இன்னும் கொஞ்சம் கனமான ரீல் வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் நுனி கனத்துவிடும். ராடின் நீளம் கூடினால் செலவு ராடோடு முடிவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆறாம் படி: வளையங்களைப் பாருங்கள்

வெளியே பயன்படுத்தும் ராடில் நரம்பு ஓடும் வளையங்கள் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் நரம்பு கொஞ்சம் நீரைக் கொண்டுவரும், அது வளையத்தில் உறையும், துவாரம் சுருங்கும், கடைசியில் நரம்பு சிக்கும். நீள ராடுகளில் பொதுவாக வளையங்கள் பெரிது, வெளியே அவை தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நுனி வளையத்தில் பனி பிடித்தால் தட்டாதீர்கள், விரலால் நசுக்கி உடைக்காதீர்கள். நுனி சேர்ந்து ஒடியும். ராடின் நுனியைத் துளை நீருக்குள் ஒரு நிமிடம் விட்டு வையுங்கள். அந்த நீர் சில்லென்று இருந்தாலும் உறைநிலைக்குக் கீழே இல்லை, பனி கரைந்துவிடும்.

ஏழாம் படி: கடையில்

கையுறையைக் கொண்டு போங்கள். முடிந்தால் ஏரிக்குப் போடும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இங்கே பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். உங்கள் ரீலையும் எடுத்துப் போங்கள். ஒரு வாளியையோ தாழ்ந்த ஸ்டூலையோ கேட்டு உட்காருங்கள். ராடைப் பிடித்து, தரையில் ஒரு இடத்தைத் துளையாக நினைத்து, நுனி அதற்கு மேலே வருகிறதா, கை அந்த இடத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். ரீலின் கைப்பிடியைச் சுற்றும்போது கையுறையின் விரல்முட்டி ராடில் இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு எழுந்து நின்று அதையே செய்யுங்கள்.

ஒரே ஒரு ராடுக்குத்தான் காசு என்றால் 30 அங்குலம், மீடியம் லைட், ஃபாஸ்ட், திருகு இருக்கை வைத்த கார்க் பிடி. கூடாரத்துக்குள் கொஞ்சம் நீளம், வெளியே கொஞ்சம் குட்டை, இரண்டிலும் சமாளித்துவிடலாம். இரண்டாவதாக வாங்கும்போது 28ல் ஒன்று, 36ல் ஒன்று என்று பிரியாதீர்கள். முதலில் ஒரு டெட் ஸ்டிக் வாங்குங்கள், மீன் எண்ணிக்கையில் வித்தியாசம் அங்கேதான் தெரியும். மாநிலத்துக்குள் இருக்கும் பெரும்பாலான ஏரிகளில் பிப்ரவரி கடைசியில் வால்ஐ சீசன் மூடிவிடுவதால், அதை ஒட்டிக் கடைகளில் விலை இறங்கும். மூன்றாவது ராடை அப்போது பார்க்கலாம்.

என்னுடைய 42 அங்குல ராடை நான் தூக்கிப் போடவில்லை. ஒடிந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு புது நுனி வளையத்தைப் பசை வைத்து ஒட்டினேன். இப்போது அது 37 அங்குலம். நுனியில் இருந்த மிருதுவான பகுதி போய்விட்டதால் குஞ்சு மீனுக்கு உதவாது, சின்ன ஸ்பூனுக்கும் உதவாது. ஆனால் திறந்த வெளியில் நின்று கிலுகிலு இரையை அடித்து ஆட்ட என்னிடம் இருப்பதில் அதுதான் முதல் ராட். கூடாரத்துக்குள் மட்டும் அதைக் கொண்டுபோவதில்லை.